113 பேர் இருந்த சாஸ்கட்டூன் எப்படி இவ்வளவு பெரிய ஊரானது?

உரக்கடைக்காரர், குறிஞ்சிப்பாடி:

எல்லோருக்கும் வணக்கம். குறிஞ்சிப்பாடி கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிறேன். சின்னவன் வேளாண்மை படித்தவன். மண் அறிவியலில் மேற்படிப்புக்குக் கனடாவில் சாஸ்கட்டூன் என்ற ஊரில் இடம் கிடைத்திருக்கிறது, செப்டம்பரில் கிளம்புகிறான். புதுச்சேரியில் இதற்கெல்லாம் ஏற்பாடு செய்து தரும் ஓர் ஆபீசில் "டொரண்டோ பக்கம்தான் சார், கவலைப்படாதீங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து மேப்பில் பார்த்தால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. குறிஞ்சிப்பாடி டெல்லிக்குப் பக்கம் என்று சொல்வது போல.

சரி, விசா, ஃபீஸ் பற்றிக் கேட்க வரவில்லை. அதெல்லாம் முடிந்தது. என் சந்தேகம் வேறு. அந்த ஊரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். 1901 கணக்கெடுப்பில் மொத்தம் 113 பேர். எங்கள் கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கே அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள். 2021-ல் 2,66,141 பேர். நம் கடலூரை எடுத்துக்கொண்டால் பாடலீஸ்வரர் இருக்கிறார், ஆறு கடலில் சேருகிறது, வெள்ளைக்காரன் கோட்டை கட்டினான், கலெக்டர் ஆபீஸ் வந்தது. ஏன் ஊர் உண்டானது என்று சொல்ல முடிகிறது. அங்கே கடல் இல்லை, மலை இல்லை, ராஜா இல்லை. சுற்றிலும் பொட்டல். ஆறு மாதம் பனி. எந்தக் காரணத்துக்காக அங்கே போய் மனிதர்கள் ஊர் வைத்தார்கள்?

இன்னொன்று. போன வாரம் கடையில் லோடு இறக்கும்போது சிவப்புப் பொட்டாஷ் மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கனடா என்று அச்சடித்திருந்தது. முப்பது வருஷமாக விற்கிறேன், இத்தனை நாள் கண்ணில் படவில்லை. அது இந்த ஊர் சரக்கா?


முத்தியால்பேட்டை:

ஐயா, எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது குடிக்காதவர்கள் சேர்ந்து உண்டாக்கிய ஊர். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு இதைத் தட்டச்சு செய்ய எனக்கே கூச்சமாக இருக்கிறது.


ஓ.டி. பையன்:

அண்ணே வணக்கம். நான் கடலூர் முதுநகர்க்காரன், ஓ.டி. என்றால் ஓல்டு டவுன். இந்த ஊருக்கு வந்தது 2011-ல். மனைவி நர்ஸ், வேலை அவளுக்குத்தான் கிடைத்தது, நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். இப்போது டவுன் பஸ் ஓட்டுகிறேன். ஒரு நாளைக்குப் பத்து முறையாவது ஆற்றைக் கடக்கிறேன். படித்ததைவிட ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். பொறுமையாக எழுதுகிறேன், நேரம் இருக்கும்போது படியுங்கள்.

முத்தியால்பேட்டை சொன்னது உண்மை. டொரண்டோவில் மது ஒழிப்புக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு குடியேற்ற சங்கம் தொடங்கினார்கள். மேற்கே நிலம் வாங்கி, சாராய வாடையே இல்லாத ஊர் ஒன்றை உண்டாக்குவது திட்டம். 1882-ல் ஜான் லேக் என்ற மெதடிஸ்ட் போதகர் வந்து இடம் தேடினார். இங்கே இருந்த டகோட்டா மக்களின் தலைவர் வைட்கேப் காட்டிய இடம்தான் ஆற்றின் கிழக்குக் கரை. அடுத்த வருஷம் முதல் குடும்பங்கள் வந்தன. ரயில் மூஸ் ஜா வரைக்கும்தான். அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மாட்டு வண்டி.

மது ஒழிப்பு என்ன ஆனது என்றால், சங்கத்துக்கு நிலம் கொடுத்த அரசாங்கம் ஒற்றைப்படை எண் போட்ட துண்டுகளை மட்டும்தான் கொடுத்தது. இரட்டைப்படைத் துண்டுகள் யார் வேண்டுமானாலும் வந்து பத்து டாலர் கட்டி 160 ஏக்கர் எழுதிக்கொள்ளலாம் என்று திறந்து கிடந்தன. சதுரங்கக் கட்டம் மாதிரி கறுப்பு வெள்ளையாக நிலம். கறுப்புக் கட்டத்தில் குடிக்கக்கூடாது, வெள்ளைக் கட்டத்தில் கேட்க ஆள் இல்லை என்றால் எப்படி நிற்கும்? நம் ஊரில் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் வேறு சட்டம். இங்கே வயல் வரப்பைத் தாண்டினாலே வேறு சட்டம். பத்து வருஷத்துக்குள் சங்கம் படுத்துவிட்டது. டெம்பரன்ஸ் தெரு என்று ஒரு தெரு மட்டும் மிச்சம். அதன் பக்கத்தில் பிராட்வே கடைத்தெரு. வெள்ளிக்கிழமை ராத்திரி கடைசி டிரிப்பில் அந்த ஸ்டாப்பில் ஏறுகிறவர்கள் நிற்கிற நிலையைப் பார்த்தால் லேக் போதகர் அழுதுவிடுவார்.

பெயரையும் சொல்லிவிடுகிறேன். இங்கத்துப் பூர்வகுடிகளான கிரீ மக்களின் மொழியில் மிசாஸ்க்வடோமினா என்று ஒரு பழம். ஆற்றங்கரைப் புதரில் காய்க்கும், நாவல் நிறம், களாக்காயைவிடச் சின்னது, உள்ளே பொடிப்பொடி விதை. ஜூலையில் வாளி எடுத்துக்கொண்டு போய்ப் பறிப்போம். அந்தப் பழத்தின் பெயர்தான் வெள்ளைக்காரன் வாயில் சாஸ்கட்டூன் ஆனது. பாதிரி மரத்தை வைத்துத் திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறதே, அது போல.

இப்போது நீங்கள் கேட்ட காரணத்துக்கு வருகிறேன். முதல் காரணம் ரயில். 1890-ல் ரெஜினாவிலிருந்து பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்குப் பாதை போட்டார்கள். ஆற்றைக் கடக்க இங்கே ஒரு பாலம் தேவைப்பட்டது. ஊர் இருந்தது கிழக்குக் கரையில். ஸ்டேஷனை வைத்தது மேற்குக் கரையில். கிழக்குக் கரை உயரம், மேற்குக் கரை தாழ்வு. நீராவி எஞ்சினுக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்ற மேற்குதான் தோது. அவ்வளவுதான் விஷயம். தண்ணீர்த் தொட்டி எங்கேயோ அங்கே கடை, கடை எங்கேயோ அங்கே ஊர். ஏழு வருஷம் பாடுபட்டு உண்டாக்கின ஊர்க்காரர்கள் கிழக்குக் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பாதிப் பேர் அக்கரைக்குப் போய்விட்டார்கள். பெயரும் அக்கரைக்குப் போய்விட்டது. உங்கள் 113 பேர் அக்கரை ஆட்கள். பழைய ஊர் நுட்டானா என்று வேறு பெயர் வைத்துக்கொண்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் ஓ.டி.யில் பிறந்தவன் அண்ணே. "ஊருன்னா நாங்கதான்டா ஊரு, நீங்க புதுசு" என்று பள்ளிக்கூடத்தில் மஞ்சக்குப்பத்துப் பையன்களோடு சண்டை போட்டவன். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். எங்களிடம் இருந்தது துறைமுகமும் ஜங்ஷனும் கருவாட்டு வாசமும். இப்போதும் நுட்டானாவில் வீடு வைத்திருக்கும் கிழவர்கள் பஸ்ஸில் ஏறினால் "இதுதான் அசல் சாஸ்கட்டூன்" என்பார்கள். நான் தலையாட்டுவேன், அது எந்த நோய் என்று எனக்குத் தெரியும்.

ரயில் வந்தும் பதிமூன்று வருஷம் ஊர் தூங்கியது. 1903-ல்தான் ஒரு திருவிழாக் கூட்டம் வந்தது. பார் என்ற பாதிரியார் இங்கிலாந்திலிருந்து சுமார் இரண்டாயிரம் பேரை நிலம் தருவதாகக் கூட்டி வந்தார். ஏப்ரலில் இந்த ஸ்டேஷனில் இறங்கினார்கள். போகவேண்டிய இடம் இன்னும் முந்நூறு கிலோமீட்டர் மேற்கே. பெரும்பாலும் டவுன் ஆட்கள், மாடு பூட்டத் தெரியாது. ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு, வண்டி, மாடு, கலப்பை, மாவு என்று வாங்கினார்கள். கடைக்காரன் சொன்னதுதான் விலை. அந்த ஒரு சீசனில் இந்த ஊர் வியாபாரம் கற்றுக்கொண்டது. 1906-ல் சாஸ்கட்டூன், நுட்டானா, ரிவர்ஸ்டேல் மூன்றும் சேர்ந்து நகரமாயின. சேருவதற்கு நுட்டானாக்காரர்கள் கேட்ட சீர், ஆற்றின் மேல் ஒரு வண்டிப் பாலம். 1907-ல் கட்டிக் கொடுத்தார்கள்.

அந்தப் பாலத்தில் அடுத்த வருஷமே ஒரு கப்பல் மோதியது! 1908 ஜூன் 7. கடல் இல்லை என்றீர்களே, கப்பல் விபத்து உண்டு. பனி உருகி ஆற்றில் வெள்ளம். சிட்டி ஆஃப் மெடிசின் ஹாட் என்ற நீராவிப் படகு, கேப்டன் ராஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரருடையது. இரண்டு ரயில் பாலங்களைத் தாண்டி வந்து இந்தப் பாலத்தின் தூணில் சாய்ந்தது. ஆட்கள் பாலத்தைப் பிடித்து ஏறித் தப்பினார்கள், யாரும் சாகவில்லை. ஊரின் மிகப்பெரிய கடல் விபத்து என்று இன்றும் கிண்டலாகச் சொல்வார்கள். நான் வந்த வருஷம் அந்தப் பாலம் துருப்பிடித்து மூடிக் கிடந்தது. 2016 ஜனவரியில் வெடி வைத்து இறக்கினார்கள். மைனஸ் இருபது குளிரில் எதிர்க்கரையில் நின்று பார்த்தேன். சத்தம் முதலில் வரவில்லை, இரும்புச் சட்டங்கள் முழங்கால் மடங்கின மாதிரி பனியில் உட்கார்ந்தன, அப்புறம்தான் சத்தம் நெஞ்சில் இடித்தது. பக்கத்தில் ஒரு பாட்டி அழுதுகொண்டிருந்தார். 2018-ல் அதே சாயலில் புதுப் பாலம் திறந்தார்கள்.

கோதுமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். இங்கே விதைப்பிலிருந்து அறுப்பு வரை நூறு நாள் சொச்சம்தான், பனி விழுந்தால் பயிர் போச்சு. 1909 முதல் மார்க்விஸ் என்ற ரகம் விவசாயிகளுக்கு வந்தது, பழைய ரகத்தைவிட ஒரு வாரம் முன்னால் முற்றும். அந்த ஒரு வாரம்தான் இந்தப் பொட்டலை வயலாக்கியது. 1911-ல் 12,004 பேர்.

அப்புறம் ரியல் எஸ்டேட் பைத்தியம். பைபாஸ் ஓரமாக வயலில் கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, "சாஸ்கட்டூன் சிட்டிக்கு மிக அருகில்" என்று விற்பார்கள் இல்லையா, அச்சு அசல் அதேதான். ஊர் எல்லையிலிருந்து மைல் கணக்கில் தள்ளி மனை போட்டார்கள். ஃபேக்டோரியா என்று ஒரு தொழில் நகரமே காகிதத்தில் கட்டினார்கள். 1913-ல் காற்று இறங்கியது. வாங்கினவர்கள் வரி கட்டாமல் விட்டுவிட்டு ஓட, மனைகள் எல்லாம் நகராட்சி கைக்கு வந்தன. அவமானமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த நிலத்தை வைத்துத்தான் 1950-களிலிருந்து நகராட்சியே மனை போட்டு விற்கிறது. இன்றுவரை இங்கே பெரிய மனை வியாபாரி நகராட்சிதான். என் வீடு இருக்கும் மனையும் அவர்களிடம் வாங்கியதுதான். பத்திரத்தில் தகராறு இல்லை, பங்காளி கேஸ் இல்லை. கடலூரில் ஒரு சென்ட் வாங்கி என் அப்பா பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

பையன் படிக்கப்போகும் பல்கலைக்கழகமும் ஒரு ஏலம் போலத்தான் வந்தது. இந்த ஊர் இருக்கும் சாஸ்கட்செவான் மாகாணம் 1905-ல் உண்டானது. தலைநகரம் ரெஜினாவுக்கு, ஜெயில் பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கு, பல்கலைக்கழகம் 1909-ல் சாஸ்கட்டூனுக்கு. அன்றைக்குத் தலைநகரத்தை இழந்தவர்களுக்கு இது ஆறுதல் பரிசு. முதல் தலைவர் வால்டர் மர்ரே வேளாண்மைக் கல்லூரியைத் தனியாக வைக்காமல் உள்ளேயே வைத்தார். கம்பஸுக்குள் இன்றைக்கும் வயல் இருக்கிறது, என் பஸ் அதை ஒட்டித்தான் போகும். 1951-ல் இங்கேதான் ஹரால்ட் ஜான்ஸ் என்ற இயற்பியலாளர் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துப் புற்றுநோய் சிகிச்சை தொடங்கினார். உலகத்தில் முதலில் தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று. மனைவி ஆஸ்பத்திரியில் இதைச் சொந்தப் பெருமையாகச் சொல்வாள்.

பொட்டாஷ் பற்றி மந்தாரக்குப்பம் சார் இருந்தால் சொல்லட்டும், சுரங்கம் அவர் சமாச்சாரம். எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது.


மந்தாரக்குப்பம்:

கூப்பிட்டதற்கு நன்றி தம்பி. நெய்வேலியில் 31 வருஷம், கடைசிப் பத்து வருஷம் நீரேற்று பிரிவில். பொட்டாஷ் சுரங்கத்தைப் பற்றி வேலையில் இருந்தபோதே ஆர்வமாகப் படித்திருக்கிறேன். காரணம் தண்ணீர்.

நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தண்ணீருக்குத் தோண்டினார், கறுப்பாக நிலக்கரி வந்தது. சாஸ்கட்செவானில் எண்ணெய்க்குத் தோண்டினார்கள், 1940-களில் பொட்டாஷ் வந்தது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அங்கே கிடந்த கடல் வற்றி, நம் உப்பளத்துப் பாத்தி போல அடுக்கடுக்காக உப்பு படிந்து, அதற்குமேல் மண் மூடி, இப்போது சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கடை ஐயா, கடல் இல்லாத ஊர் என்று எழுதினீர்கள். கடல் கீழே இருக்கிறது.

எங்கள் தலைவலி நிலக்கரிக்குக் கீழே இருக்கும் ஊற்று. ராத்திரி பகல் பம்பு ஓடாவிட்டால் சுரங்கத் தரையே பொத்துக்கொண்டு கிளம்பும். அவர்களுக்குத் தலைவலி மேலே. பொட்டாஷை அடைவதற்கு முன் பிளேர்மோர் என்று ஒரு மணல் அடுக்கு, முழுக்கத் தண்ணீர், பயங்கர அழுத்தம். கிணறு இறக்கினால் சேறாக உள்ளே பாயும். என்ன செய்தார்கள் தெரியுமா? சுற்றிலும் குழாய் இறக்கி, உறைகுளிர் உப்புநீரை ஓடவிட்டு, அந்த அடுக்கையே பனிக்கட்டியாக்கி, அதன் நடுவே குடைந்து, இரும்பு வளையங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். அதே மாகாணத்தில் எஸ்டர்ஹேசி என்ற ஊரில் 1962-ல் இப்படித்தான் கீழே போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீரை இறைத்தே பழகிய எனக்கு, அதை உறைய வைத்துவிடலாம் என்பது முதலில் படித்தபோது பொறாமையாக இருந்தது. ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தான். சாஸ்கட்டூனுக்குப் பக்கத்தில் பேஷன்ஸ் லேக் சுரங்கத்தில் 1987-ல் வெள்ளம் புகுந்து ஆட்களை வெளியே எடுத்துவிட்டார்கள். பிறகு அந்தத் தண்ணீரையே சுற்றவிட்டு, பொட்டாஷைக் கரைத்து மேலே எடுக்கிறார்கள்.

1951-ல் 53,268 பேர் இருந்த ஊர் 1961-ல் 95,526. எல்லாம் பொட்டாஷால் என்று சொல்லமாட்டேன், போருக்குப் பிந்தைய காலம் அது. ஆனால் அதற்கு முந்தைய பஞ்ச காலத்தைப் பாருங்கள், 1931-லிருந்து 1941 வரை பத்து வருஷத்தில் ஊர் 264 பேர் குறைந்தது. கோதுமையை மட்டும் நம்பியிருந்தால் அப்படியே போயிருக்கும். 1975-ல் மாகாண அரசே பொட்டாஷ் கம்பெனி தொடங்கி சுரங்கங்களை வாங்கியது, நம் என்.எல்.சி. மாதிரி. 1989-ல் தனியாருக்குப் போனது. அதன் வாரிசுதான் இப்போதைய நியூட்ரியன், பதிவு அலுவலகம் அதே ஊரில்.

உங்கள் மூட்டைக்கு வருகிறேன். நம் நாட்டில் பொட்டாஷ் எடுப்பதில்லை, முழுக்க இறக்குமதிதான். ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் என்று பல இடத்திலிருந்து வரும். கனடா என்று போட்டிருந்தால் அநேகமாகச் சாஸ்கட்செவான்தான். சிவப்பு நிறம் அதில் கலந்திருக்கும் இரும்பால். ரயிலில் மலை தாண்டி மேற்குக் கடற்கரைக்குப் போய்க் கப்பல் ஏறுகிறது.


வரலாற்று டீச்சர், லாஸ்பேட்டை:

நல்ல பதிவுகள். ஒரு சின்னக் குத்தல் மட்டும். கடை ஐயா "பொட்டல்" என்கிறார், ஓ.டி. பையன் "உண்டாக்கின ஊர்" என்கிறார். வைட்கேப் வந்து இடம் காட்டினார் என்றால் அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? கிரீ மக்களோடு அரசாங்கம் 1876-ல் ஆறாவது ஒப்பந்தம் போட்டது. காட்டெருமை கூட்டம் கூட்டமாக அழிக்கப்பட்டு, சாப்பாட்டுக்கு வழியில்லாமல் போன நேரம் அது. பத்து டாலருக்கு 160 ஏக்கர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

1885-ல் மெட்டிஸ் மக்கள் (பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்த வம்சத்தினர்) லூயி ரியல் தலைமையில் அரசாங்கத்தை எதிர்த்து எழுந்தபோது வைட்கேப்பையும் அவர் ஆட்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அவர்மேல் தேசத்துரோக வழக்கு. சாஸ்கட்டூன்காரர் ஜெரால்ட் வில்லோபி சாட்சி சொன்னதால் விடுதலையானார். ஊருக்கு இடம் காட்டியவருக்கு ஊர் செய்த ஒரே கைம்மாறு அதுவாகத்தான் இருக்கும்.

நகரத்துக்கு வடக்கே வானுஸ்கேவின் என்று ஓர் இடம். ஆறாயிரம் வருஷமாக மனிதர்கள் வந்து தங்கிய தடயம் இருக்கிறது. 2019-ல் அங்கே காட்டெருமைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். மறு வருஷமே அவை மண்ணில் புரண்ட இடத்தில் கோடு கீறிய பழைய கல் ஒன்று தலைகாட்டியது. அரிக்கமேட்டுக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன், பையன்கள் உடனே குச்சியை எடுத்துக்கொண்டு தரையைக் கிளற ஆரம்பித்துவிடுவார்கள். அரசாங்கக் காவலர் என்னைத்தான் முறைப்பார்.


ஓ.டி. பையன்:

டீச்சர் சொன்னது சரி, நான் அவசரத்தில் எழுதிவிட்டேன். தெற்கே வைட்கேப் மக்களின் ஊர் இன்றும் இருக்கிறது. இங்கே எந்தக் கூட்டம் தொடங்கினாலும் இது ஆறாவது ஒப்பந்த நிலம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். சொல்வதோடு சரியா என்றால், மேற்குக் கரையில் இருபதாவது தெரு வழியாக ராத்திரி பஸ் ஓட்டுகிறவனைக் கேளுங்கள். மைனஸ் முப்பதில் இறங்க இடமில்லாமல் கடைசி ஸ்டாப் வரை உட்கார்ந்தே வருகிறவர்கள் யார் என்று பார்த்தாலே தெரியும்.

1885 சண்டையில் அடிபட்ட சிப்பாய்களை வைத்திருந்த ஒரு வீடு நுட்டானாவில் இருக்கிறது, மார் வீடு என்பார்கள். 1884-ல் கட்டினது. இடம் மாற்றாமல் நிற்கும் கட்டடங்களில் ஊரிலேயே பழையது. நம் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு இருநூறு வருஷம் இளையது, ஆனால் ஓடு ஒன்றுகூட விழாமல் வைத்திருக்கிறார்கள்.


உரக்கடைக்காரர், குறிஞ்சிப்பாடி:

எல்லோருக்கும் கோடி நன்றி. நேற்று ராத்திரி பையனையும் அவன் அம்மாவையும் உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். தண்ணீர்த் தொட்டி வைத்த கரைக்கு ஊர் போனதைக் கேட்டு அவள் "நம்ம விழுப்புரம் ஜங்ஷன் மாதிரி" என்றாள். மைனஸ் முப்பது என்று படித்த இடத்தில்தான் எழுந்து உள்ளே போய்விட்டாள். தம்பி, குளிருக்கு இங்கேயே கோட்டு வாங்கிக் கொடுத்துவிடட்டுமா? உங்களுக்கு ஏதாவது கொடுத்தனுப்பவா?


ஓ.டி. பையன்:

அண்ணே, அங்கே கோட்டு வாங்காதீர்கள். நான் புதுச்சேரியில் ஏழாயிரம் கொடுத்து வாங்கி வந்தது அக்டோபர் வரைக்கும்தான் தாங்கியது. இங்கே பழைய துணிக் கடையில் நல்லதாகக் கிடைக்கும், நானே கூட்டிப்போகிறேன். செப்டம்பரில் வெயில்தான் இருக்கும், அக்காவிடம் சொல்லுங்கள். கார் எஞ்சினுக்கே ராத்திரி கரண்டு வயர் செருகிச் சூடு வைக்கிற ஊர், மனிதனுக்கு வைக்கமாட்டார்களா?

ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன், டூட்டி மாற்றிக்கொள்ளலாம். பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ, முழுப்பருப்பாக. ஓ.டி. கருவாடு கேட்க ஆசைதான், கஸ்டம்ஸில் பையன் மாட்டிக்கொள்வான், வேண்டாம்.